ஊக்கம் பிறக்கும் வழி

நொய்யல் ஆற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பருத்தி நூலால் வாழும் ஊர். நூல் அங்கே பின்னல் துணியாகும். துணி வெளுக்கப்பெற்றுச் சாயம் ஏற்கும். பின்னர் வெட்டுண்டு, தையலுண்டு, பனியனாக உருப்பெற்றுப் பெட்டியில் அடைபட்டுக் கடல் கடந்து செல்லும். ஒரு பனியன் ஒருவர் கையால் முடிவதன்று. துணியை அளந்து வெட்டுபவர் ஒருவர். தோளை இணைப்பவர் ஒருவர். கழுத்துப்பட்டி வைப்பவர் ஒருவர். ஓரத்தை மடித்துத் தைப்பவர் ஒருவர். அவர்க்குத் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி ஒருவர். பிசிர் நறுக்குபவர் ஒருவர். குறை தேர்பவர் ஒருவர். தேய்த்து அடுக்குபவர் ஒருவர். இத்தனை பேர்க்கும் அவ்வூரில் வேலை உண்டு. வாரக் கூலியும் உண்டு. ஆதலின் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், வடநாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து அங்கே குடியேறியுள்ளன.

எளிதிற் கூலி கிடைக்கும் ஊரில் கல்விக்கு ஓர் இடையூறும் உண்டு. "படித்து வேலைக்குப் போவதினும், வேலைக்குப் போய்ப் பழகுவது மேல்" என்னும் எண்ணம் எளியோர் உள்ளத்தில் எளிதில் இடம்பெறும். உடற்குறை உடைய பிள்ளைகட்கோ இவ்விடையூறு இருமடங்காகும். காது கேளாத மகனைப் பெற்ற தந்தை, "பள்ளியில் இவனுக்கு என்ன விளங்கும்? பிசிர் நறுக்கவாவது பழகட்டும்" என்று எண்ணுவார். பார்வை இல்லாத மகளைப் பெற்ற தாய், அன்பு மிகுதியால் அவளை வாயிற்படி தாண்ட விடாது வீட்டிலேயே வைத்துப் போற்றுவாள். முன்னவரை வறுமை அவ்வாறு எண்ணச் செய்கிறது. பின்னவளை அன்பு அவ்வாறு எண்ணச் செய்கிறது. இருவர் செயலின் பயனும் ஒன்றே. பிள்ளை கல்லாது வளர்கிறது.

இத்தடைகளைக் கடந்து பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைக்கு ஆசிரியர் கூறும் முதல் மொழி பெரும்பாலும், "ஊக்கமாகப் படி, உன்னால் முடியும்" என்பதாக இருக்கும். நல்லெண்ணத்தில் எழுந்த மொழியே அது. ஆயினும், கரும்பலகையைக் காண இயலாத பிள்ளைக்குக் கரும்பலகையிலேயே பாடத்தை எழுதிவிட்டு, "ஊக்கமாகப் படி" என்றால், அப்பிள்ளை எதனைப் படிப்பது?

ஊக்கம் என்னும் சொல்லைச் சற்றே ஆராய்தல் நலம். திருப்பூர்த் தையற்கூடங்களில் 'ஊக்கு' என்றால் உடையில் குத்தும் வளைந்த ஊசியையே நினைப்பர். அது மேலைநாட்டார் மொழியிலிருந்து வந்து கலந்த சொல். 'ஊக்குதல்' என்னும் வினையோ பழந்தமிழ்ச் சொல். சங்க நூல்களில் ஊசலை ஆட்டிவிடுதற்கு ஊக்குதல் என்னும் பெயர் வழங்கியது. இப்பொருள் எண்ணி மகிழத்தக்கது. ஊசலை ஊக்க வேண்டுமாயின், முதலில் உறுதியான கிளையில் கயிறு கட்ட வேண்டும். அமர்வதற்குப் பலகை வேண்டும். ஏறி அமர்ந்த பின்னரே பின்னிருந்து தள்ளுதல் வேண்டும். காலம் அறிந்து மெல்லத் தள்ளினாற்போதும். பின்னர் ஊசலில் இருப்பவரே உந்தி உயர்வர். பலகையே இல்லாத இடத்தில் ஒருவரைத் தள்ளினால் அவர் விழுவார். அதற்கு ஊக்குதல் என்று பெயரன்று. உடற்குறை உடைய மாணவர்க்கு ஊக்கம் ஊட்டுதல் என்பதும் இத்தகையதே. வாய்ச்சொல் கடைசியில் வருவது. கயிறும் பலகையும் முன்னே வேண்டுவன.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுப் பழைய ஆசிரியர் சிலர் நன்கு அறிந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவருக்கு எழுத்தறிவித்த முறையைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. ஆசிரியர் அவருடைய முதுகில் விரலால் எழுத்தை எழுதிக் காட்டி, அதன் ஒலியைச் சொல்லிக் கொடுத்தாராம். ஏட்டில் எழுத்தாணியால் கீறுவதைக் காண இயலாத சிறுவன், தன் உடம்பையே ஏடாகக் கொண்டு அகரமும் ஆகாரமும் அறிந்தான். அவ்வாறு கற்றவரே பின்னாளில் திருக்கழுக்குன்றப் புராணமும், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும், திருவாரூர் உலாவும் பாடினார். அவருடைய புலமையைப் போற்றுவோர் பலர். முதுகில் எழுதலாம் என்று முதலில் நினைத்த அந்த ஆசிரியரின் அறிவைப் போற்றுவோர் சிலரே. "இவனுக்குக் கண் இல்லையே" என்று இரங்கி நின்றுவிடாமல், "இவனுக்கு எது இருக்கிறது?" என்று அவர் வினவினார். தொடு உணர்வு இருந்தது, அதையே வாயிலாக்கினார்.

திருப்பூருக்குத் தெற்கே உடுமலைப்பேட்டையைக் கடந்து சென்றால் பழனி தோன்றும். அங்கே 1836ஆம் ஆண்டு பிறந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். இளமையிலேயே அம்மை நோயால் கண்ணொளி இழந்தவர் அவர். பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டே இலக்கண இலக்கியங்களை நெஞ்சில் நிறுத்தினார். நினைத்தவுடன் கவி பாடும் ஆற்றல் பெற்றார். இராமநாதபுரம் சேதுபதியின் அவையில் பாடிப் பெருமை அடைந்தார். வீரராகவர்க்கு வாயில் முதுகு என்றால், மாம்பழப் புலவர்க்கு வாயில் செவி. இனி, இரட்டைப் புலவர் எனப் பெயர் பெற்ற இருவரைப் பற்றியும் தமிழ்நாட்டார் அறிவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளிற் சுமந்து செல்ல, ஒருவர் பாதி வெண்பாவைத் தொடங்க மற்றவர் பாதியை முடிப்பார் என்பர். தில்லைக் கலம்பகம் அவர்கள் பாடியது.

இவர்கள் அரிய நினைவாற்றலும், கற்றார் துணையும், வள்ளல்கள் ஆதரவும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர். புலவர் வரலாற்றை எடுத்துக் காட்டி, "அவர் கற்றார், நீயும் கற்பாய்" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கூறுவது பொருந்தாது. ஆயிரத்தில் ஒருவர்க்கு வாய்த்த வழி, ஆயிரவர்க்கும் போதிய வழியாகாது. எல்லார்க்கும் உரிய வழி ஒன்று வேண்டும். பார்வையற்றோர்க்கு அத்தகைய வழியைக் கண்டவர் ஒரு மாணவர் என்பது வியப்பிற்குரியது.

பாரிசு நகருக்குக் கிழக்கே உள்ள கூப்பிரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு பிறந்தவர் உலூயி பிரெயில். அவருடைய தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளர். மூன்று வயதுக் குழந்தையாய் இருக்கையில் பிரெயில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாட, அது ஒரு கண்ணிற் பாய்ந்தது. புண் புரையோடி மறு கண்ணையும் கெடுத்தது. பத்தாம் வயதில், 1819ஆம் ஆண்டு, பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே நூல்கள் இருந்தன. ஆனால் அவை கண்ணுடையார் படிக்கும் எழுத்தையே பருமனாகப் புடைக்க வைத்த நூல்கள். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவி அறிவதற்குள் முன்னெழுத்து மறந்துபோகும். நூல் தூக்கவும் இயலாத கனம். அவ்வெழுத்தைக் கொண்டு மாணவர் தாமே எழுதுதலும் அரிது.

அப்போது சார்லசு பார்பியே என்னும் படைத்துறை அலுவலர், இருளிலும் படிக்கத்தக்க புள்ளி எழுத்து முறை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அது பன்னிரண்டு புள்ளிகளால் ஆயது. விரல் நுனியில் ஒருசேர அடங்காதது. இளைஞர் பிரெயில் அதனைப் பல காலம் ஆராய்ந்து, ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். 1824ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், அம்முறையை உருவாக்கிய அவர், 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். தம் கண்ணைக் குத்திய ஊசி போன்ற ஒரு கருவியாலேயே தாளில் புள்ளி குத்தி எழுதும் முறையை அவர் படைத்தார்.

பின்னர் நிகழ்ந்ததே ஊக்கத்தின் இயல்பை நன்கு விளக்குவது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பள்ளியின் தலைமையை ஏற்றவர் இவ்வெழுத்தை விலக்கினார். கண்ணுடையார்க்கு விளங்காத எழுத்து கூடாது என்பது அவர் கருத்து. புள்ளி நூல்கள் எரிக்கப்பட்டன, எழுதுகருவிகள் பறிக்கப்பட்டன. மாணவரோ விடவில்லை. பின்னல் ஊசியாலும், உண்ணும் முள்கரண்டியாலும், ஆணியாலும் மறைவாகப் புள்ளி குத்தித் தமக்குள் எழுதிக்கொண்டனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முன்னே கனத்த நூல்களைத் தடவிச் சலித்த அதே மாணவர்தாம் இவர்கள். அவர்களை யார் ஊக்கினர்? ஒருவரும் இல்லை, தடுத்தனர் என்பதே உண்மை. தம் விரலுக்கு இசைந்த எழுத்து ஒன்று கிடைத்தது. தம் எண்ணத்தைத் தாமே எழுதலாம், பிறர் எழுதியதைத் தாமே படிக்கலாம் என்பது கைகூடியது. அதன்பின் ஊக்கம் உள்ளிருந்தே ஊற்றெடுத்தது. பிரெயில் 1852இல் மறைந்தார்; 1854இல் பிரான்சு நாடு அவர் எழுத்தை ஏற்றுக்கொண்டது.

அவ்வெழுத்துத் தமிழுக்கு வந்த வகையையும் அறிதல் வேண்டும். இந்திய மொழிகட்கு ஒரு காலத்தில் பலவகைப் புள்ளி எழுத்துக்கள் வழங்கிக் குழப்பம் விளைத்தன. 1951ஆம் ஆண்டு அவையெல்லாம் ஒருங்கிணைக்கப்பெற்றுப் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்தது. ஆறு புள்ளிகளை வேண்டியவாறு அமைத்தால் 63 வடிவங்களே கிடைக்கும். தமிழ் எழுத்துக்களோ 247. குறைந்த வடிவத்தில் நிறைந்த எழுத்து எவ்வாறு அடங்கும்? தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 எழுத்துக்களே அடிப்படை. எஞ்சிய 216 உயிர்மெய்களும் மெய்யோடு உயிர் கூடிப் பிறப்பன. புள்ளி எழுத்திலும் அவ்வாறே. 'கலை' என்று எழுத, ககரம், லகரம், ஐகாரம் என்று மூன்று வடிவங்களை வரிசையாகக் குத்தினாற்போதும். 'கல்' என்று எழுத, ககரத்தை அடுத்து, மெய்யைக் காட்டும் ஒரு தனிப்புள்ளியையும் பின்னர் லகரத்தையும் குத்துதல் வேண்டும். அச்சில் 'லை' என்னும் எழுத்தின் ஐகாரக் குறி லகரத்திற்கு முன்னே நிற்கிறது. ஒலியிலோ பின்னே வருகிறது. புள்ளி எழுத்தில் ஒலிக்கும் முறையும் எழுதும் முறையும் ஒன்றே. உயிர்மெய்யின் இயல்பைக் கண்ணுடைய மாணவரினும் விரலால் படிக்கும் மாணவர் விரைந்து உணர்தற்கு இடம் உண்டு. அம்மாணவரைக் கரும்பலகை அருகே அழைத்து, உயிர்மெய்ப் புணர்ச்சியை ஏனையோர்க்கு விளக்கச் செய்யலாம். வகுப்பில் தமக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று அறியும் பிள்ளை, மறுநாள் அழையாமலே பள்ளிக்கு வரும்.

இக்காலத்தில் எழுத்தைப் படித்துக் காட்டும் கணிப்பொறியும் கைப்பேசியும் வந்துவிட்டன. ஆகவே புள்ளி எழுத்து வேண்டா என்பார் உளர். அது பொருந்தாது. ரகர றகரங்களையும், நகர னகரங்களையும் செவியால் மட்டும் கேட்டுப் பிரித்தறிதல் எத்துணை அரிது என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். கேட்பது வேறு, படிப்பது வேறு. படிக்கும் பிள்ளைக்கே எழுத்துப் பிழையின்றி எழுத வரும். கணிப்பொறி துணையாகட்டும், எழுத்திற்கு மாற்றாக வேண்டா.

செவிப்புலன் இல்லாத மாணவர் நிலை இதனினும் நுண்ணிது. பார்வை இல்லாமை எளிதிற் புலனாகும். கேளாமை பிறர்க்குத் தோன்றாது. வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கும் அப்பிள்ளையை, 'மந்தம்' என்றோ 'கவனம் இல்லை' என்றோ தவறாகக் கருதுவர். பல்லடம் பகுதியில் விசைத்தறிக் கூடங்களுட் புகுந்து பார்த்தவர் ஒன்றை அறிந்திருப்பர். தறிகளின் பேரோசையில் அருகில் நிற்பவர் சொல்லும் செவியில் விழாது. தொழிலாளர் கையாலும் முகத்தாலும் செய்தி உணர்த்திக்கொள்வர். இங்கிலாந்தின் இலங்காசயர் மாவட்ட நெசவாலைகளில் ஒரு காலத்தில் பணிபுரிந்த பெண்டிர், உதட்டசைவைக் கொண்டே நெடுநேரம் உரையாடப் பழகியிருந்தனர். செவி பயன்படாத இடத்தில் கண்ணே செவியாகும் என்பதற்கு இது சான்று. அக்கூடத்தில் ஒருவரையும் யாரும் மந்தம் என்பதில்லை. அதே நிலையில் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையை மட்டும் அவ்வாறு கூறுவது என்ன நீதி?

அப்பிள்ளையை முன்வரிசையில், ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் படுமாறு பார்த்து அமர்த்துதல் வேண்டும். ஆசிரியர் பலகையை நோக்கித் திரும்பியவாறே பேசினால், பேச்சு பலகைக்குத்தான் போய்ச் சேரும். சைகை மொழி கையசைவின் குவியல் அன்று. தனக்கெனச் சொல்லும் தொடரமைப்பும் உடைய முழுமொழி. அதனை ஆராயவும் பயிற்றவும் 2015ஆம் ஆண்டில் புதுதில்லியில் நடுவண் அரசின் நிறுவனம் ஒன்று தோன்றியது. தமிழ்நாட்டிலோ, பாளையங்கோட்டையில் 1890களிலேயே ஆசுகுவித்து அம்மையார் பார்வையற்றோர்க்கும், சுவெயின்சன் அம்மையார் செவிப்புலன் அற்றோர்க்கும் பள்ளிகளைத் தொடங்கிவிட்டனர்.

பார்வையும் செவியும் ஒருங்கே இழந்த எலன் கெல்லர் அம்மையாரின் வரலாறு பலரும் அறிந்தது. 1887ஆம் ஆண்டு, ஆசிரியை ஆனி சல்லிவன் அச்சிறுமியின் ஒரு கையில் குழாய் நீரைப் பாயச் செய்து, மறு கையில் நீர் என்னும் சொல்லின் எழுத்துக்களை விரலால் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்னும் உண்மை அப்போதுதான் அவளுக்குப் புலனாயிற்று. அன்று மாலைக்குள் தரை, மரம், தாய் எனத் தொட்ட பொருளுக்கெல்லாம் பெயர் கேட்டாள். இனிப்பும் அச்சமும் ஊட்டாத ஊக்கத்தை, விளங்கிற்று என்னும் ஒரே மகிழ்ச்சி ஊட்டியது.

அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைகட்கும் இம்மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதனை அவர்கட்குச் சிறு சிறு அளவில் பகிர்ந்து தருதல் வேண்டும். இங்கே திருப்பூர்த் தையற்கூடமே நல்ல ஆசிரியராகும். முழுப் பனியனையும் முதல் நாளிலேயே தைக்குமாறு புதியவர் ஒருவரிடம் எவரும் கூறார். முதலில் துணி மடிக்கப் பழகுவர், பின்னர் நேர்தையல், பின்னர் வளைதையல். பல கூறாகப் பிரித்தமையால் அன்றோ அரிய தொழில் எளிதாயிற்று? கூட்டற் கணக்கையும் அவ்வாறே கூறுபடுத்தலாம். பத்துப் படிகளுள் ஒன்பதை ஆசிரியர் செய்து காட்டி, கடைசிப் படியை மட்டும் பிள்ளை செய்யுமாறு விடலாம். 'முடித்தேன்' என்னும் நிறைவு அதற்குக் கிட்டும். மறுநாள் இரு படிகளை விடலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு கிழமை ஆகும். மற்றொன்றுக்கு ஒரு திங்கள் ஆகும். நாட்கணக்கைப் பார்த்தல் ஏற்றுமதிக்கு உரியது, கல்விக்கு உரியதன்று.

இவ்வகைப் பிள்ளைகள் தனிப்பள்ளியில்தான் பயில வேண்டுமா, ஊர்ப்பள்ளியிலேயே பயிலலாமா என்பது நெடுநாள் வழக்கு. இதற்கு விடைகாண முயன்றோருள் கோவைப் பகுதியினர் குறிப்பிடத்தக்கவர். திருப்பூரிற் பிறந்து, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக விளங்கிய தி. சு. அவினாசிலிங்கம், 1930ஆம் ஆண்டில் கோவையில் இராமகிருட்டிண வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த அவ்வித்தியாலயம், 1980களில், பார்வையற்ற பிள்ளைகளை அவரவர் ஊர்ப்பள்ளியிலேயே சேர்த்துப் பயிற்றும் திட்டத்தை நடத்தியது. சிறப்பாசிரியர் பள்ளிகட்குச் சென்று புள்ளி எழுத்தும் கணக்குச் சட்டமும் பயிற்றினர். சிறப்புக் கல்வியாசிரியரை உருவாக்கும் பணி இன்றும் அங்கே நிகழ்கிறது. திருப்பூர் தனி மாவட்டமானது 2009ஆம் ஆண்டில். அதற்குமுன் கோவை மாவட்டத்தின் பகுதியாகவே அது இருந்தது.

நாட்டின் சட்டமும் படிப்படியாக விரிந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கூறிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளை, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உடையது. அரசு உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்கட்குக் குறையாமல் இவர்க்கு ஒதுக்குதல் வேண்டும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை ஏற்றது. சொல் மாறியது நன்றே. ஆயின் சொல் மாறியமையால் மட்டும் பள்ளியின் படிக்கட்டு சாய்தளம் ஆகிவிடாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி, மாடியில் நடக்கும் வகுப்புக்கு ஏற இயலாமல் கீழே அமர்ந்திருப்பின், அவள் கல்வி அங்கேயே நின்றுவிடுகிறது. அவளுக்கேற்ற கழிப்பிடம் இல்லையாயின், நாள் முழுதும் நீர் அருந்தாமல் இருப்பாள்; சில திங்களில் பள்ளிக்கு வருவதையே விடுவாள். "ஊக்கம் குறைந்துவிட்டது" என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூறுவது எளிது.

திருப்பூர் போன்ற ஊரில் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டிய பருவம் பதினான்காம் வயது. அவ்வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு அமர்த்துதலைச் சட்டம் தடுக்கிறது; நிரம்பியபின் இடர்மிக்க தொழில்களை மட்டுமே தடுக்கிறது. எட்டாம் வகுப்போடு பலர் விலகுதற்கு இது வழியாகிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பிசிர் நறுக்குதல் இழிந்த தொழிலன்று. பல்லாயிரவர் அதனால் வாழ்கின்றனர். ஆனால் வேறொன்றும் கல்லாமையால் ஒருவர் அதிலேயே நிற்பதும், கணக்கும் கணிப்பொறியும் கற்று அதே கூடத்தில் துணி அளவு வரைபவராக உயர்வதும் ஒன்றாகா.

உயர்ந்தவரைக் கண்முன் காண்பதும் பெரிய தூண்டுதல். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எசு. இராமகிருட்டிணன், பொறியியல் மாணவராக இருந்த காலத்தில் கடற்படை அலுவலர் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் உடல் இயங்காத நிலை எய்தியவர். ஓலைக் கொட்டகையில், இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த குழந்தைகள் சிலருடன் அவர் பள்ளி தொடங்கினார். அக்குழந்தைகள் அறிவுரை கேட்டுப் பெறவேண்டியது சிறிதே. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒரு நிறுவனத்தை நடத்துபவரை நாள்தோறும் கண்டனர். 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது.

உடன்பயிலும் மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. உதவுதல் என்று எண்ணி எல்லாவற்றையும் தாமே செய்துவிடுதல் கூடாது. பார்வையற்ற தோழனைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல், தம் முழங்கையை அவன் பற்றிக்கொள்ள விட்டு ஓரடி முன்னே நடத்தல் வேண்டும். செவிப்புலனற்ற தோழி தவறாக விடையளித்தால், பாவம் என்று பாராட்டாமல் தவற்றைக் காட்டுதல் வேண்டும். தகுதியில்லாப் புகழைக் குழந்தையும் கண்டுகொள்ளும்; "என்னிடம் இவ்வளவே எதிர்பார்க்கின்றனர்" என்று உள்ளுக்குள் சோரும்.

அரசுப் பொதுத்தேர்வில் இம்மாணவர்க்குச் சில சலுகைகள் உண்டு. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறலாம். சொல்வதை எழுதுபவர் ஒருவரைப் பெறலாம். ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் பெறலாம். விலக்கு உரிமையே, வேண்டுவோர் பெறட்டும். தமிழைக் கற்க விரும்பும் பிள்ளையிடம், "உனக்குத்தான் விலக்கு உண்டே" என்று கூறி நூலை மூடிவைத்தல் மட்டும் ஆகாது. எழுதுபவர்க்கும் ஒரு கடமை உண்டு. மாணவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதுதல் வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆதலின் தேர்வுக்கு முன்னரே, எழுத்தைக் கூட்டிச் சொல்லவும், பத்தி பிரித்துச் சொல்லவும் மாணவர் பழகிக்கொள்ளுதல் நலம். வல்லின றகரம் எது, இடையின ரகரம் எது என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் அமர்ந்தவர் எழுதிக்கொண்டே செல்வார்.